நிமிடத்துக்கு 48 பென்ஸ்

சென்னையில் இருந்தபடி, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஸ்கேன் செய்து அனுப்பும் பழைய பத்திரிகைகளுக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை போடுவது எங்கள் வேலை. ஒருமுறை வந்தவை பிரிட்டிஷ், அமெரிக்க வீடியோ கேம் இதழ்கள். எண்பதுகளின் கடைசியும் தொண்ணூறுகளின் தொடக்கமும். கட்டுரைகளுக்குத் தலைப்பு, ஆசிரியர், பக்க எண் எல்லாம் வேண்டும். விளம்பரப் பக்கம் என்றால் 'விளம்பரம்' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்தப் பக்கங்களை விட்டு நகர முடியவில்லை.

பிரிட்டிஷ் இதழ்களின் கடைசிப் பக்கங்களில் 0891, 0898 என்று தொடங்கும் தொலைபேசி எண்கள் பத்தி பத்தியாக இருக்கும். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு தனி எண். மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வர வழி வேண்டுமானால் அழைக்க வேண்டியதுதான். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் எங்கள் ஓசிஆர் மென்பொருள் எண்களைச் சுலபமாகப் படித்துவிட்டது. பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்து வரியைத்தான் அதனால் படிக்க முடியவில்லை. பெரிதாக்கிப் பார்த்துக் கையால் தட்டினேன்: சலுகை நேரத்தில் நிமிடத்துக்கு 36 பென்ஸ், மற்ற நேரங்களில் 48 பென்ஸ், பில் கட்டுபவரிடம் அனுமதி பெற்று அழைக்கவும். ஐந்து நிமிடம் கேட்டால் 2 பவுண்டு 40 பென்ஸ். மறுமுனையில் பேசுவது பெரும்பாலும் பதிவு செய்த குரல். அது இழுத்துப் பேசப் பேச வீட்டு பில் ஏறும்.

அமெரிக்காவில் இதே வியாபாரம் 900 என்று தொடங்கும் எண்களில் நடந்தது. கேம் தயாரித்த சியரா நிறுவனத்தின் குறிப்பு எண்ணுக்கு முதல் நிமிடம் 75 சென்ட், அடுத்த ஒவ்வொரு நிமிடமும் 50 சென்ட். அவர்களுடைய 'கிங்ஸ் குவெஸ்ட் 5' 1990-இல் வந்தது. அதில் எலியைத் துரத்தும் பூனை மேல் ஒரு பழைய பூட்ஸை வீச வேண்டும். அந்த ஒரு கணத்தைத் தவறவிட்டால், வெகுநேரம் கழித்துச் சத்திரத்து நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலி வராது. எங்கே தவறினோம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முடிச்சுப் போட்டவரே அவிழ்க்கவும் காசு வாங்கினார். இது முறையல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வாஷிங்டன் மாநிலம் ரெட்மண்டில் நிண்டெண்டோ என்ற கேம் நிறுவனம் தொலைபேசியில் வழி சொல்ல வைத்திருந்த ஆலோசகர்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே வரைபடங்களும் குறிப்புகளும் அடங்கிய கோப்புகளை வைத்துக்கொண்டு ஆட்களே பேசினார்கள். எதிரில் இருப்பது எத்தனை வயதுக் குழந்தை, எதில் தடுமாறுகிறது என்று ஆளுக்குப் புரியும்.

டீம் லீடிடம் போய்ச் சொன்னேன்: "மேடம், கட்டுரையில எடிட்டர் சொல்ல நினைச்சது இருக்கு. பிள்ளைங்க எங்க மாட்டிக்கிட்டாங்க, எவ்வளவு காசு போச்சுங்கறது விளம்பரத்துலதான் இருக்கு."

"கிளையன்ட் கேக்கலையேப்பா."

"ரெண்டு இதழுக்கு மட்டும் செஞ்சு காட்டறேன் மேடம்."

செய்து காட்ட நான் எடுத்தது அமெரிக்க இதழ்களை. அங்கே இந்த 900 எண்களைக் கட்டுப்படுத்த 1992-இல் சட்டம் வந்தது. 1993-இல் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி வந்தது. அதன்படி, விளம்பரத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே கட்டணமும் இருக்க வேண்டும். எண்ணின் எழுத்தளவில் பாதிக்குக் குறையக் கூடாது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. கல்விச் சேவைக்கு மட்டும் விலக்கு. விதிக்கு முந்தைய இதழையும் பிந்தைய இதழையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிந்தையதில் கட்டணத்தை ஓசிஆரே படித்துவிட்டது. மேடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிளையன்ட்டுக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தார்.

இப்போது எங்கள் படிவத்தில் விளம்பரத்துக்கென்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன: எண், கட்டணம், அனுமதி வாசகம். புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நடுக் கட்டத்தை.