எட்மண்ட் ரைஸின் ஆங்கில ஊரைத் தேடி

என் மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் ரைஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்தப் பெயர் கொண்ட பழைய குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரே மனிதரைத்தான் மூதாதையாகச் சொல்கின்றன: 1638இல் இங்கிலாந்திலிருந்து வந்து சட்பரி என்ற ஊரை நிறுவியவர்களில் ஒருவரான எட்மண்ட் ரைஸ். மாமியாரின் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி வந்த வம்சாவளிப் படம் ஒன்று உண்டு. அதில் எட்மண்டுக்குக் கீழே இன்றைய தலைமுறை வரை பெயர்கள். அவருக்கு மேலே வேல்ஸ் நாட்டு இளவரசர்கள் வரை ஏறிப் போகும் ஒரு நீண்ட வரிசை. பேரக்குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காக, ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரத்தோடு அதை ஒழுங்காக எழுதித் தர முடியுமா என்று அவர் கேட்டார். எனக்கும் ஆர்வம் இருந்ததால் ஒப்புக்கொண்டேன். இதே போன்ற தேடலைத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கு ஓடுவதற்கு முன்னால் அமெரிக்கப் பக்கத்தை முடித்துவிட வேண்டும். தெரிந்தவரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போவதுதான் வழி. 1850க்குப் பிந்தைய காலம் பெரிய தொல்லையில்லை. அந்த ஆண்டிலிருந்துதான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரும் எழுதப்பட்டது. மாசசூசெட்ஸ் அரசு பிறப்பு, திருமணம், இறப்புகளை மாநில அளவில் பதியத் தொடங்கியது 1841இல். அதற்கு முன்னால் ஊர்க் குமாஸ்தாக்கள் எழுதிவைத்த பதிவுகளை, 1850 வரைக்கும் ஊர் ஊராக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். நியூ இங்கிலாந்தின் பெரிய வசதி இதுதான். அமெரிக்காவின் வேறு பல பகுதிகளில் இப்படி ஒன்று கிடைக்காது.

சிக்கல் 18ஆம் நூற்றாண்டில் வரும். மார்ல்பரோ, வெஸ்ட்பரோ பக்கம் ரைஸ் வீடுகள் ஏராளம். அண்ணன் தம்பி எல்லோரும் பிள்ளைகளுக்கு அதே தாமஸ், ஜோசப், எட்வர்ட் என்று பெயர் வைத்திருப்பார்கள். பிறப்புப் பதிவை மட்டும் வைத்து எந்தத் தாமஸ் நம்முடையவர் என்று சொல்லிவிட முடியாது. நிலப் பத்திரங்களும் சொத்துப் பிரிவினை ஆவணங்களும்தான் கை கொடுத்தன. "என் தந்தை எனக்கு விட்டுச் சென்ற நிலம்" என்று ஒருவர் விற்கும்போது எழுதினால், அப்பா யார் என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உஸ்டர் கவுன்டி (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவு) 1731இல்தான் உருவானது. அதற்கு முன் வெஸ்ட்பரோ ஆவணங்களை மிடில்செக்ஸ் கவுன்டியில் தேட வேண்டும், பிறகு உஸ்டரில். கவுன்டி எல்லை எப்போது மாறியது என்று பார்க்காமல் "ஆவணம் இல்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய.

அந்த வெஸ்ட்பரோ கிளையில் ஒரு கதை என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. 1704 ஆகஸ்டில் மோஹாக் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் நடத்திய தாக்குதலில் ரைஸ் குடும்பத்துச் சிறுவர்கள் சிலர் கனடாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் சைலஸும் டிமோதியும் கானவாகே என்ற மோஹாக் ஊரிலேயே வளர்ந்து, அங்கேயே மணந்து, அந்த மக்களாகவே ஆகிவிட்டார்கள். டிமோதி 1740இல் பிறந்த ஊரைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். எங்கள் நேரடிக் கிளை அது இல்லை. ஆனாலும் மாமியாருக்குச் சொன்னபோது, இதையும் எழுத வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார்.

சரி, எட்மண்டிடம் வந்தாயிற்று. அவர் எப்போது பிறந்தார்? பிறப்புப் பதிவு எதுவும் கிடையாது. 1656 ஏப்ரலில் ஒரு வழக்கில் சாட்சி சொன்னபோது தனக்குச் சுமார் 62 வயது என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் 1594 என்று கணக்கிடுகிறார்கள். பழைய நீதிமன்றச் சாட்சியங்களை வம்சாவளி தேடுகிறவர்கள் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. வயது, முந்தைய ஊர், உறவு என்று வேறெங்கும் கிடைக்காத செய்திகள் அங்கே போகிற போக்கில் விழுந்து கிடக்கும். அவர் இறந்தது 1663 மே மாதம், மார்ல்பரோவில்.

எந்தக் கப்பலில் வந்தார் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 1629க்கும் 1640க்கும் இடையே சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்குக் கடல் கடந்தார்கள். பெரும்பாலும் பியூரிட்டன் குடும்பங்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய புராட்டஸ்டன்ட்கள். பயணிகள் பட்டியல்களில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். 1638இல் சவுத்தாம்டனிலிருந்து புறப்பட்ட கான்ஃபிடென்ஸ் கப்பலின் பட்டியல் இருக்கிறது. சட்பரிக்குப் போன பீட்டர் நாய்ஸ், வால்டர் ஹெய்ன்ஸ், ஜான் பென்ட் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ரைஸ் குடும்பம் இல்லை. ஆகவே அவர்கள் கடல் கடந்த காலத்தை வேறு வழியில்தான் நெருக்க முடியும். அந்த வழி இங்கிலாந்து தேவாலயங்களின் பதிவேடுகள்.

ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538இல். 1598இல் பழைய பதிவுகளைத் தோல்தாளில் படி எடுக்கச் சொன்னார்கள். ஆண்டுதோறும் மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்பவும் சொன்னார்கள். மூலப் பதிவேடு ஈரத்தில் அழிந்திருந்தாலும் இந்த நகல் சில சமயம் காப்பாற்றும். எட்மண்டின் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் குடும்பம் நகர்ந்த பாதை தெளிவாகத் தெரிகிறது. மூத்தவள் மேரிக்கு 1619இல் சஃபோக் மாவட்டத்தின் ஸ்டான்ஸ்டெட் கிராமத்தில். அடுத்து ஹென்றி, எட்வர்ட், தாமஸ். அப்புறம் 1628 வாக்கில் லிடியா முதல் ஊர் மாறுகிறது. லண்டனுக்கு வடமேற்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் பெர்க்கம்ஸ்டெட். மேத்யூ, டேனியல், சாமுவேல் எல்லோரும் அங்கேதான். கடைசியாக ஜோசப், 1637/38 மார்ச் 13.

அந்தச் சாய்கோடு முக்கியம். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. 1752 வரை அப்படித்தான். ஆகவே மார்ச் 13ஐப் பாதிரியார் 1637 என்று எழுதியிருப்பார், நம் கணக்கில் அது 1638. மாமியாரின் பழைய படத்தில் குடும்பம் 1637இல் கப்பலேறியதாக இருந்தது. அது நடந்திருக்க முடியாது. 1638 மார்ச் நடுவில் தாயும் பச்சைக் குழந்தையும் பெர்க்கம்ஸ்டெட்டில் இருக்கிறார்கள். அந்த ஆண்டுக் கோடையிலோ இலையுதிர் காலத்திலோ மாசசூசெட்ஸ் வந்துவிடுகிறார்கள். புதிய ஊருக்குச் சட்பரி என்ற பெயர் 1639இல் அதிகாரபூர்வமாகிறது. கைக்குழந்தையோடும் மற்றப் பிள்ளைகளோடும் அந்த மரக்கப்பலில் எட்மண்டின் மனைவி தொமசின் எப்படிச் சமாளித்தார் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லவில்லை.

இங்கிலாந்துக்குப் போக ஒரு வாய்ப்பு வந்தபோது, சஃபோக்கின் மேற்குப் பகுதி ஆவணங்கள் அப்போது இருந்த பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் காப்பகத்துக்கும் போனேன். போவதற்கு முன்னால் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போங்கள்: அக்காலக் கையெழுத்தைப் படித்துப் பழகுங்கள். செக்ரட்டரி எழுத்து என்று சொல்லப்படும் அதில் இ என்ற ஆங்கில எழுத்து திரும்பிக் கிடக்கும், எச் என்ற எழுத்தின் வால் வரிக்குக் கீழே சுழன்று இறங்கும், சி என்ற எழுத்து ஆர் போலத் தெரியும். இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இதற்கு இலவசப் பயிற்சிப் பக்கங்கள் வைத்திருக்கிறது. ஒரு பாதிரியாரின் கையெழுத்து பிடிபட்டுவிட்டால் அவர் இருந்த காலம் முழுவதும் சரளமாகப் போகும். அடுத்தவர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எதிர்பார்க்காதீர்கள், ரைஸ் என்பதை ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். கணினி அட்டவணையில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பதிவேட்டையே பக்கம் பக்கமாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எட்மண்டின் பெயர் முதன்முதலாகத் தென்படுவது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரின் செயின்ட் மேரி தேவாலயத்தில். 1618 அக்டோபர் 15, தொமசின் ஃப்ராஸ்ட்டுடன் திருமணம். தொமசின் ஸ்டான்ஸ்டெட்காரர். 1600இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர். பெற்றோர் எட்வர்ட் ஃப்ராஸ்ட், தொமசின் பெல்கிரேவ். மனைவியின் வழி இப்படி ஒரு தலைமுறை மேலே நன்றாகத் திறக்கிறது. கணவரின் வழி அந்தத் திருமணத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்டான்ஸ்டெட்டில் எட்மண்டின் ஞானஸ்நானம் கிடையாது.

ஒரே ஒரு நூல் மட்டும் நீள்கிறது. 1605இல் ஸ்டான்ஸ்டெட்டில் ஹென்றி ரைஸ் என்பவர் எலிசபெத் ஃப்ராஸ்ட்டை மணந்திருக்கிறார். எலிசபெத் தொமசினின் அக்கா. இரண்டு ஃப்ராஸ்ட் சகோதரிகள், இரண்டு ரைஸ் மாப்பிள்ளைகள். ஹென்றி எட்மண்டின் அண்ணனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எட்மண்டும் தன் மூத்த மகனுக்கு ஹென்றி என்றுதான் பெயர் வைத்தார். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் "சகோதரன்" என்று சொல்லும் ஓர் உயிலோ பத்திரமோ இல்லாத வரை, நான் எழுதிய படத்தில் ஹென்றிக்குப் புள்ளிக்கோடுதான் போட்டிருக்கிறேன்.

இனி அந்த இளவரசர்கள். ரைஸ் என்பது வேல்ஸின் ரிஸ் என்ற பெயரின் ஆங்கில வடிவமாகவும் வரும் என்பதால், வேல்ஸின் புகழ்பெற்ற குடும்பம் ஒன்றோடு எட்மண்டை இணைக்கும் ஆசை வெகுகாலமாக இருந்திருக்கிறது. 1911இல் வெளிவந்த ஒரு குடும்ப வரலாற்று நூல் அதை அச்சிலேயே ஏற்றிவிட்டது. அந்தக் காலத்து அமெரிக்கப் பணக்காரக் குடும்பங்களுக்கு ஆங்கில அரச வம்சம் தேவைப்பட்டது, செய்து கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். குஸ்டாவ் அன்ஜோ என்பவர் பணம் வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளிகளைத் தயாரித்துக் கொடுத்ததற்காகவே பெயர் போனவர். ரைஸ் வழியின் அரச உறவை மேரி லவரிங் ஹோல்மன், டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1930களிலேயே ஆதாரமற்றது என்று காட்டிவிட்டார்கள். ஆனாலும் இன்றும் இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் அதைப் படியெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். எட்மண்டைப் பெற்று வளர்த்த உண்மையான இரண்டு பேர் எங்கோ இருந்திருக்கிறார்கள். ஓர் இளவரசரை அந்த இடத்தில் உட்கார வைக்கும்போது அவர்களைத் தேடுவதையே நிறுத்திவிடுகிறோம்.

காகிதம் நின்ற இடத்தில் டிஎன்ஏ உதவுமா? ஓரளவுக்கு. இத்தனை தலைமுறை தாண்டியதற்கு வழக்கமான குடும்ப டிஎன்ஏ சோதனை பயன்படாது, அவ்வளவு தூரத்து மூதாதையின் பங்கு ஒருவேளை துளிகூட வந்திருக்காது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் வேறு. எட்மண்டின் வெவ்வேறு மகன்கள் வழி வந்த ஆண்களைச் சோதித்து ஒப்பிட்டு, எட்மண்டின் ஒய் குரோமோசோம் எப்படி இருந்திருக்கும் என்று அவரது வழித்தோன்றல்களின் சங்கமே தொகுத்து வைத்திருக்கிறது. வட ஐரோப்பாவில் பரவலான ஐ1 என்ற பிரிவைச் சேர்ந்தது அது. என் கணவருக்கு அது வராது, அவருக்கு ரைஸ் உறவு அம்மா வழி. மாமியாரின் தம்பியிடம் கேட்டேன், சந்தோஷமாகச் சம்மதித்தார். முடிவு எட்மண்டின் வடிவத்தோடு பொருந்தியது. அதாவது பத்திரங்களை வைத்து நான் கட்டிய அமெரிக்கச் சங்கிலிக்குத் தனியாக ஒரு சாட்சி கிடைத்தது. இங்கிலாந்தில் இன்று வாழும் ஒரு ரைஸ் ஆணின் சோதனை இதோடு பொருந்தினால், அவர் முன்னோரின் ஊரிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

புதிய படத்தை மாமியாரிடம் கொடுத்தபோது எட்மண்டுக்கு மேலே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் இவர்கள் சாதாரணக் குடியானவர்கள்தானே?" என்று கேட்டார். ஆவணங்கள் காட்டுகிற வரை அப்படித்தான் என்றேன். "நல்லது, அவர்களைக் கண்டுபிடி," என்றார்.

இப்போது ஸ்டான்ஸ்டெட்டைச் சுற்றியுள்ள கிளெம்ஸ்ஃபோர்ட், லாங் மெல்ஃபோர்ட் முதலிய ஊர்களின் உயில்களை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில்தான் பதிவாகும்: சிறிய சொத்துக்காரர்களுடையவை சட்பரி (இது சஃபோக்கில் உள்ள ஊர்) ஆர்ச்டீக்கன் நீதிமன்றத்திலும், பெரிய சொத்துக்காரர்களுடையவை கேன்டர்பரி நீதிமன்றத்திலும் இருக்கும். ரைஸ் என்ற பெயரை மட்டும் தேடினால் போதாது. ஃப்ராஸ்ட் குடும்பத்தினர், அவர்களின் சம்பந்திகள், அண்டை வீட்டுக்காரர்கள் எல்லோருடைய உயில்களையும் பார்க்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், கடன் பட்டவர், ஓர் ஆட்டுக்குட்டியைப் பெற்றுக்கொண்ட மருமகன் என்று எந்த வரியிலும் ஒரு ரைஸ் நிற்கலாம். 1590 முதல் 1625 வரையிலானவற்றை முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறேன், எட்மண்டின் தந்தை இறந்திருக்கக்கூடிய காலம் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும்.