ஃபோட்டோரிஃப்ராக்டிவ் பாலிமருக்குச் சாயம் தேர்வது எப்படி?

ஒளி பட்டதும் உள்ளே மின்னூட்டங்கள் நகர்ந்து, அதனால் எழும் மின்புலம் ஒளிவிலகல் எண்ணை மாற்றுவதுதான் ஃபோட்டோரிஃப்ராக்டிவ் விளைவு. பாலிமரில் அது முதலில் நிரூபிக்கப்பட்டது 1991-இல், ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தில். அப்போது பலரும் சாயத்தில் தேடியது ஒன்றைத்தான்: நேரிலா ஒளியியல் திறன் (மின்புலத்துக்கேற்ப ஒளிவிலகலை மாற்றும் திறன்) எவ்வளவு? அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சாயம் வாங்குபவர்கள் இன்றும் உண்டு. வாங்கலாம், படலம் வேலை செய்யாது.

1994-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட கலவையைப் பாருங்கள். டி.எம்.என்.பி.ஏ.ஏ. என்ற அசோ சாயம் 50, மின்னூட்டத்தைக் கடத்தும் பாலிமரான பி.வி.கே. (பாலிவினைல்கார்பசோல்) 33, இளக்கியான எத்தில்கார்பசோல் 16, ஒளியை உறிஞ்சி மின்னூட்டம் உண்டாக்கும் ட்ரைநைட்ரோஃப்ளூரினோன் 1 (எடை விகிதம்). 105 மைக்ரோமீட்டர் படலம், மைக்ரோமீட்டருக்கு 61 வோல்ட். விளிம்பு விளைவுத்திறன், அதாவது படலத்தில் எழுதிய கீற்றணி திசைதிருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு, 100 சதவீதத்தை நெருங்கியது. சாயத்தின் நேரிலாத் திறன் மட்டும் இதைச் சாதித்திருக்காது. எத்தில்கார்பசோல் கலந்ததால் பி.வி.கே.யின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை (விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) அறை வெப்பநிலை அருகே இறங்கியது. சாய மூலக்கூறுகள் படலத்துக்குள் திரும்ப இடம் கிடைத்தது. ஒளிபட்ட பகுதிக்கும் படாத பகுதிக்கும் இடையே மின்புலம் மாறும்போது அவையும் அதற்கேற்பத் திரும்பி நிற்கின்றன. ஒளிவிலகல் எண் மாற்றத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது.

எனவே சாயத்துக்கு மதிப்பெண் போடும் கணக்கில் இரண்டு உறுப்புகள். ஒன்று, இருமுனைத் திருப்புத்திறனையும் நேரிலாத் திறனையும் பெருக்கியது. மற்றொன்று, திருப்புத்திறனின் இருமடியை முனைவாக்கத்திறனின் திசை வேறுபாட்டால் (மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்கிலும் அது வேறுபடும் அளவால்) பெருக்கி வெப்ப ஆற்றலால் வகுத்தது. அறை வெப்பநிலையில் திரும்பக்கூடிய படலத்தில் இரண்டாவதுதான் மேலோங்கும். பிறகு மொத்தத்தையும் மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். கிராமுக்கு எத்தனை மூலக்கூறு என்பதுதான் கேள்வி. பயனில்லாத கொழுத்த பக்கத்தொகுதி மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

கொடுக்கும் முனையிலிருந்து வாங்கும் முனைக்கு எலக்ட்ரான் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த எண்கள் மாறும். ஏறத்தாழப் பாதி நகர்ந்த நிலையில், அதாவது சங்கிலியின் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளின் நீளம் சமமாகும்போது, நேரிலாத் திறன் பூஜ்யத்துக்கு இறங்கும். திசை வேறுபாடு உச்சம் தொடும். அமினோதயனைல் தொகுதியையும் டைஆக்சோசயனோபிரிடின் தொகுதியையும் இணைத்த ஏடாப் வகைச் சாயங்கள் அந்த எல்லையை ஒட்டியவை. பழைய அளவுகோலில் இவை தேறவே மாட்டா.

ஆனால் இணைச்சங்கிலியை நீட்டினால் உறிஞ்சல் பட்டை சிவப்புப் பக்கம் நகரும். 532 நானோமீட்டரில் எழுத வேண்டுமானால் சாயம் அங்கே ஏறத்தாழ ஒளிபுகும்படி இருக்க வேண்டும். 100 மைக்ரோமீட்டர் படலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சாயம் என்பது சாதாரண அளவில்லை. டைசயனோஸ்டைரீன் குட்டைச் சாயங்கள் பச்சை ஒளிக்குப் பிடித்தமானவை ஆனது இதனால்தான்.

அடுத்தது ஆற்றல் மட்டம். பி.வி.கே.யின் அயனியாக்க ஆற்றல் சுமார் 5.9 எலக்ட்ரான் வோல்ட். சாயத்தினுடையது அதைவிடக் குறைவென்றால் நகரும் மின்துளை (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடம்) சாயத்தில் வந்து சிக்கும். ட்ரைநைட்ரோஃப்ளூரினோனுக்குப் பதில் ஃபுல்லரின் சேர்த்த படலத்தில், ஈடுகட்ட ஃபுல்லரினின் எதிர்மின் அயனிகள் சேரும். முதல் அளவீட்டில் வேகமாக இருந்த படலம், ஒளி காட்டக் காட்ட மந்தமாகிக்கொண்டே போவது இதன் அடையாளம். சாயத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் பாலிமரை மாற்றிப் பார்க்கலாம்: ட்ரைஅரைல் அமீன் வகைப் பாலிமரின் மட்டம் 5.4-5.5 அருகே இருப்பதால் பெரும்பாலான சாயங்கள் மின்துளையைச் சிக்கவைப்பதில்லை. 2008-இல் அரிசோனா, நிட்டோ டென்கோ குழுவினர் 4 அங்குலச் சதுர ஹாலோகிராம் திரை செய்தது இந்த வகையில்தான். அந்தப் பாலிமர் 50, ஃப்ளூரின் ஏற்றிய டைசயனோஸ்டைரீன் 30, எத்தில்கார்பசோல் 20.

நடைமுறையில் அதிகம் படுத்துவது படிகமாதல். திருப்புத்திறன் கூடினால் மூலக்கூறுகள் தலைகீழாக ஜோடி சேரும். ஜோடியின் திருப்புத்திறன் கிட்டத்தட்ட ரத்து. அப்புறம் படலத்தில் வெண்மூட்டம், ஒளிச்சிதறல். மீதாக்சியின் இடத்தில் 2-எத்தில்ஹெக்சிலாக்சி வைத்தால் கிளைத்த வால் அடுக்குவதைக் கெடுக்கும். விலை, கூடிய மூலக்கூறு எடை. நீண்ட ஆயுள் வேண்டுமெனில் கொடுக்கத்தான் வேண்டும்.

200 மில்லிகிராம் தொகுதிக்கு 1994 விகிதப்படி, அதே வரிசையில் 100, 66, 32, 2 மில்லிகிராம். டைகுளோரோமீத்தேனில் கரைத்து, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, வெற்றிடத்தில் நன்கு உலர்த்துங்கள். எஞ்சிய கரைப்பான் கண்ணாடி மாற்ற வெப்பநிலையைத் தாழ்த்தி எல்லா அளவீட்டையும் பொய்யாக்கும். உலர்ந்ததை உருக்கி, ஐ.டி.ஓ. (ஒளிபுகும் மின்கடத்திப் பூச்சு) பூசிய கண்ணாடிகளுக்கிடையே 105 மைக்ரோமீட்டர் இடைவெளிமணிகளோடு அழுத்தி, சட்டென்று ஆறவிடுங்கள்; மெல்ல ஆறினால் சாயம் பிரிய அவகாசம் கிடைக்கும். குமிழியோ தூசோ இருந்தால் 5 கிலோவோல்ட்டுக்குள்ளேயே மின்பொறி தெறிக்கலாம். கண்ணாடி விளிம்பில் ஐ.டி.ஓ.வை முன்கூட்டியே அரித்து எடுத்துவிடுங்கள். மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்காமல் வோல்ட்டை ஏற்றவே வேண்டாம்.

அசோ சாயம் என்றால் இன்னொரு சோதனை கட்டாயம். ஒளியில் அசோ பிணைப்பு சிஸ் வடிவத்துக்கு மாறி, மின்புலமே இல்லாமல் தானாக ஒரு கீற்றணி எழுதும். வோல்ட்டை பூஜ்யமாக்கிவிட்டு விளிம்பு விளைவை அளந்து பாருங்கள். அங்கே கிடைப்பது ஃபோட்டோரிஃப்ராக்டிவ் இல்லை. எழுதும் இரு ஒளிக்கற்றைகளுக்கிடையே ஆற்றல் ஒருபக்கமாகப் பாய்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதி வையுங்கள்.