உருளைக்கிழங்கு பீரங்கிக்கு ஓர் எரிபொருள் ஷீட்

குழாய்க்குள் எரிபொருளைப் பற்றவைத்துக் கிழங்கைச் சுடும் உருளைக்கிழங்கு பீரங்கி செய்பவர்களிடம் எரிபொருள் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டால், "ஹேர் ஸ்ப்ரேயை ரெண்டு மூணு செகண்டு அடி" என்பார்கள். அப்படி அடித்தால் ஒரு தடவை டுமீல் என்று போகும், அடுத்த தடவை புஸ்ஸென்று நின்றுவிடும். டப்பாவுக்குள் ஆல்கஹால் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு, பிசின் எவ்வளவு என்று லேபிளில் அளவு இருக்காது. அளவு தெரியாத சரக்குக்குக் கணக்குப் போட வழியே இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பிசின் தீப்பொறி முனையில் படிந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் புரோப்பேனுக்கு மாறினேன். மாறிய கையோடு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போட உட்கார்ந்தேன்.

வேதியியல் பகுதி ஒரே வரியில் முடிந்துவிட்டது. எந்த எரிபொருளாக இருந்தாலும் அதன் ஒரு மூலக்கூறுக்கு எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும் என்பதற்குச் சூத்திரம்: கார்பன் எண்ணிக்கை, கூட்டல் ஹைட்ரஜனில் கால், கழித்தல் ஆக்சிஜனில் பாதி. புரோப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8, ஆகவே 5. காற்றில் ஆக்சிஜன் 20.95% என்பதால் 5-ஐ 0.2095-ஆல் வகுத்தால் 23.87 பங்கு காற்று. ஒரு பங்கு வாயுவையும் சேர்த்தால் கலவையில் புரோப்பேன் 4.02%. இதே வரியை இழுத்துவிட்டால் பியூட்டேனுக்கு 3.12%, மீத்தேனுக்கு 9.5% வருகிறது. பாடப்புத்தக எண்களோடு ஒத்துப்போனதால் அந்த நெடுவரிசையைப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது எரியறையின், அதாவது வாயுவும் காற்றும் கலந்து எரியும் அகலமான குழாயின் கொள்ளளவு. குழாயின் பெயரை அளவு என்று நம்பக்கூடாது. ஷெட்யூல் 40 (குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் தரம்) வகையில் 4 அங்குலக் குழாயின் உள்விட்டம் 102.3 மிமீ, 101.6 என்று போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் 2 அங்குலக் குழாயின் உள்விட்டம் 52.5 மிமீ. 50.8 என்று போட்டால் குழலின், அதாவது கிழங்கு பாயும் குழாயின் கொள்ளளவு 6 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோகும். எரியறைக்கும் குழலுக்கும் உள்ள விகிதத்தை 0.8-க்குப் பக்கத்தில் வைப்பது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம் என்பதால் குழலின் கொள்ளளவும் வேண்டும். ஆகவே ஷீட்டில் "பெயரளவு" என்று செல்லே வைக்கவில்லை. காலிப்பரால் அளந்த உள்விட்டம் மட்டும்தான். அங்குலமா மில்லிமீட்டரா என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு டிராப்டவுன்.

இதுவரை சுலபம். இதற்கப்புறம் வந்தது எல்லாமே அழுத்தத்தைப் பற்றிய தலைவலிதான்.

முதல் கேள்வி: வாயுவை விடும்போது எரியறை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் உள்ளே வரும் புரோப்பேன் அதே அளவு காற்றை வெளியே தள்ளும், கொள்ளளவில் 4.02% போதும். கிழங்கை அடைத்து மூடிவிட்டு விட்டால் காற்று எங்கும் போகாது, அழுத்தம்தான் சற்று ஏறும், அப்போது 23.87-இல் ஒரு பங்கு, அதாவது 4.19%. 102.3 மிமீ விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள எரியறை 4.11 லிட்டர். திறந்திருந்தால் 165 மிலி, மூடியிருந்தால் 172 மிலி. வித்தியாசம் 7 மிலிதான். அதைச் சட்டை செய்யாமல் விட்டாலும் பீரங்கி வெடிக்கும். ஆனால் சுடுபவர்கள் "4 பெர்சன்டா, 4.2 பெர்சன்டா" என்று சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், இரண்டு பேர் சொல்வதும் சரி, பீரங்கிதான் வேறு. ஆம், இல்லை என்று ஒரு செல் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது, அளவுக்குழாய். இரு முனையிலும் வால்வு வைத்த சின்னக் குழாய்; ரெகுலேட்டர் காட்டும் அழுத்தம் வரை நிரப்பி, பிறகு எரியறைப் பக்கம் திறந்துவிடுவோம். கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வளிமண்டலத்துக்கு மேல் உள்ள அழுத்தத்தை. திறந்த பிறகு குழாயில் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கான வாயு தங்கிவிடுவதால், உள்ளே போவதும் கேஜ் காட்டும் அளவுதான். 60 மிலி அளவுக்குழாயில் 172 மிலி வேண்டுமென்றால் கேஜில் 42 பிஎஸ்ஐ (ஒரு வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ). இதையே வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தம் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே போவது 112 மிலி மட்டும், கலவை 2.65%. புரோப்பேன் பற்றும் வரம்பு 2.1 முதல் 9.5% வரை என்பதால் பற்றத்தான் பற்றும், ஆனால் கிழங்கு சோம்பலாக வந்து பக்கத்திலேயே விழும். செல்லின் தலைப்பிலேயே "கேஜ் அழுத்தம்" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். கலவை அந்த வரம்புக்கு வெளியே போனால் விடை வராது, செல் சிவப்பாகும்.

முதல் சுடுதலுக்கு மட்டும் இதிலும் ஒரு கோணல் உண்டு. அளவுக்குழாயில் ஏற்கனவே காற்று இருக்கும். நிரப்பும்போது அது புரோப்பேனோடு கலந்து எரியறைக்குள் வரும். முதலாவது பலவீனமாகப் போய் அடுத்ததிலிருந்து சரியாவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குச் சூத்திரம் எழுதாமல், "முதலில் ஒருமுறை திறந்த வெளியில் நிரப்பி வெளியேற்றவும், பக்கத்தில் நெருப்பு கூடாது" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்.

மலைப்பகுதியில் சுடுபவர்களுக்காக வளிமண்டல அழுத்தச் செல் ஒன்று. அங்கே கவனம்: வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்வது. 1500 மீட்டர் உயரத்தில் உண்மை அழுத்தம் சுமார் 845 ஹெக்டோபாஸ்கல். அறிக்கையோ 1013 பக்கத்தில் சொல்லும். அறிக்கையை நம்பினால் கலவையில் புரோப்பேன் தேவையைவிட அதிகமாகிவிடும். அதனால் உயரத்தை மட்டும் கேட்டு, அழுத்தத்தை ஷீட்டே கணக்கிட விட்டேன். வெப்பநிலைக்குச் செல் இல்லை. காற்றும் வாயுவும் ஒரே சூட்டில் இருக்கும்வரை அது இரு பக்கமும் அடிபட்டுவிடும். ஈரப்பதம் அப்படி இல்லை: 30 டிகிரியில் காற்று முழு ஈரமாக இருந்தால் நீராவியே 4 சதவீதத்துக்கு மேல் இடம் பிடிக்கும், தேவையான புரோப்பேன் 3.86 சதவீதமாகக் குறையும். அதற்கு ஒரு செல் கொடுத்தேன்.

முந்தைய சுடுதலின் புகை எவ்வளவு மிச்சம் என்பதற்கும் ஒரு செல் இருந்தது, எடுத்துவிட்டேன். அந்த எண்ணை யாராலும் அளக்க முடியாது. ஊகித்துப் போடுவதைவிட எரியறையில் சின்ன ஃபேன் வைத்துப் புகையை முழுக்கத் தள்ளிவிடுவது மேல். அதே ஃபேன் வாயுவைக் காற்றோடு கலக்கவும் உதவும்.

ஆக்சிஜன் சதவீதச் செல்லை மட்டும் யாரும் தொட முடியாதபடி பூட்டினேன். 20.95-க்கு மேல் போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்காவது வரும். ஆக்சிஜன் செறிந்த கலவை வெடித்தால் குழாய் சில்லுசில்லாகும், அந்தக் கணக்கை என் ஷீட் செய்துதர வேண்டியதில்லை.

பார்த்தவர்கள் அதிகம் கேட்டது, "உள்ளே அழுத்தம் எவ்வளவு வரும், குழாய் தாங்குமா?" என்பதை. மூடிய கலத்தில் புரோப்பேன் காற்றுக் கலவை சுமார் 8 பார் வரை ஏறக்கூடும். 4 அங்குல ஷெட்யூல் 40 பிவிசியின் மதிப்பீடு 220 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 15 பார். பார்க்க நிம்மதியான எண்தான். ஆனால் அது 23 டிகிரித் தண்ணீருக்குக் கொடுத்தது. 60 டிகிரியில் கால் பங்குக்கும் கீழே வந்துவிடும். வாயுவுக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்று குழாய் செய்பவர்களே சொல்கிறார்கள். கழிவுநீர்க் குழாய்க்கோ அழுத்த மதிப்பீடே கிடையாது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராவது ஒருவர் "பாதுகாப்பு" என்று படித்துவிடுவார். அதனால் அந்தச் செல்லை நான் சேர்க்கவில்லை. கேட்பவர்களுக்கு இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறேன்.