கீஸ்டோன் பூஜ்யத்தில் 100 அங்குலப் படம்

மாடி அறையில் பொருத்திய 1080பி 3எல்சிடி (மூன்று நிறங்களுக்கும் தனித்தனி எல்சிடி பேனல் உள்ள) புரொஜெக்டரின் மெனுவில் கீஸ்டோன், அதாவது சாய்ந்து விழும் படத்தைக் கணக்கால் செவ்வகமாக்கும் திருத்தம், இரண்டு திசைகளிலும் பூஜ்யத்தில் இருக்கிறது. படத்தின் நான்கு விளிம்புகளும் சுவரில் ஒட்டிய கருப்பு நாடாவின் உள்ளோரத்தை விட்டு எங்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை. 221 சென்டிமீட்டர் அகலமும் 124.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு படத்தில் இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வீட்டில் புரொஜெக்டர் வைத்திருக்கும் பலர், தானியங்கிக் கீஸ்டோன் படத்தைச் செவ்வகமாக்கியவுடன் வேலை முடிந்துவிட்டதாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் கருவிக்குள் இருக்கும் கூர்மையில் ஒரு பகுதியை அவர்கள் கடைசி வரை பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அதனால்தான் கீஸ்டோன் இல்லாமலே படத்தை நேராக்கும் இந்த ஒரு வேலையை மட்டும் விரிவாக எழுதி வைக்கிறேன்.

கீஸ்டோன் செய்வது ஒளியியல் திருத்தம் அன்று. அது கணக்கில் செய்யும் ஒட்டுவேலை. சாய்ந்து விழும் படத்தின் அகன்ற பக்கத்தைச் சுருக்குவதற்காக, 1920 பிக்சல்கள் நிற்க வேண்டிய ஒரு வரியை 1800 பிக்சல்களில் அடக்கு என்று கருவிக்குச் சொல்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் சுருக்கத்தின் அளவு மாறுவதால், எந்த வரியிலும் மூலப்படத்தின் ஒரு பிக்சல், கருவிக்குள் படத்தை உருவாக்கும் பேனலின் ஒரு பிக்சலில் முழுமையாக விழுவதில்லை. படம் ஓடும்போது இது கண்ணுக்குத் தப்பலாம். துணையெழுத்துகளின் ஓரத்திலும், புடவைக் கரையின் நுண்கோடுகளிலும், தொலைவில் தெரியும் கம்பி வேலியிலும் தப்பாது. போதாததற்கு, பயன்படாமல் போன பேனல் பகுதி அணைந்துவிடுவதில்லை. எல்சிடி பேனலால் ஒளியை முழுவதுமாக மறைக்க முடியாது என்பதால், திருத்திய படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோண ஒளி சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இருட்டறையில் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு ஓர் இரவுக் காட்சியை ரசிப்பது கடினம்.

கருவியைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்திப் படத்தின் இடத்தை மாற்றும் லென்ஸ் ஷிஃப்ட் அப்படிப்பட்டது அன்று. பேனலை விடப் பெரிய பரப்புக்குப் படம் தரும்படி லென்ஸைச் செய்து, அதைப் பேனலுக்கு இணையாகவே நகர்த்துவதால் ஒரு பிக்சல்கூட இழப்பாவதில்லை. என் கருவியில் மேல்கீழாகப் படத்தின் உயரத்தில் 60 விழுக்காடும், இடவலமாக அகலத்தில் 24 விழுக்காடும் நகர்த்த இடமுண்டு. ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் முழுவதுமாகப் பெற முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். நகரும் எல்லையை ஏறத்தாழச் சாய்சதுர வடிவமாகக் கொண்டு, ஒவ்வொரு திசையிலும் எல்லையில் எத்தனை பங்கைச் செலவழிக்கிறோம் என்ற இரண்டு பின்னங்களின் கூட்டல் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

அறை 11 அடிக்கு 14 அடி. மேற்கூரையில் தொங்கவிடும் யோசனையை மின்விசிறி தடுத்தது. பின்சுவரை ஒட்டிக் கூரையிலிருந்து வரும் ஒளி, விசிறியின் இறக்கைகளை வெட்டிக்கொண்டுதான் எதிர்ச்சுவருக்குப் போக முடியும். பின்சுவரில் 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண் இருக்கிறது. அதன் மேல் வைத்தால், படத்தின் நடு 137 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய என் அமைப்பில், பரண் பலகையின் கனத்தையும் கருவியின் உயரத்தையும் சேர்த்து 60 விழுக்காட்டை மிகத் தெளிவாகத் தாண்டிவிடும். ஆகவே பரணுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். லென்ஸின் நடு தரையிலிருந்து 199.25 சென்டிமீட்டரில், அதாவது படத்தின் மேல்விளிம்புக்கு நேராக நிற்கிறது. இதற்கு மேல்கீழ் ஷிஃப்ட் சரியாக 50 விழுக்காடு தேவை. சுவருக்கும் லென்ஸுக்கும் இடையே 377 சென்டிமீட்டர். அதைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் வீச்சு விகிதம் 1.7. கருவியின் எல்லை 1.3 முதல் 2.1 வரை என்பதால், ஜூம் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது.

மின்னிணைப்புக்கு வசதியான இடம் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி இருந்தது. அகலத்தில் அது 13.6 விழுக்காடு, தனியாகப் பார்த்தால் 24க்குள் அடக்கம். ஆனால் 60இல் 50ஐ ஏற்கெனவே செலவழித்த பிறகு, பக்கவாட்டில் எஞ்சுவது சுமார் 4 விழுக்காடு, அதாவது 9 சென்டிமீட்டர்தான். பரணில் துளை போடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டதால், வயரை நீட்டிவிட்டுக் கருவியை நடுவுக்கே கொண்டுவந்தேன். இங்கே நடு என்பது லென்ஸின் நடு. கருவியின் உடலுக்கு நடு அன்று. பல கருவிகளில் லென்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், தலைகீழாகத் திருப்பியதும் அந்த ஒதுக்கம் மறுபக்கம் போய்விடும்.

தொங்கவிடும் தாங்கியைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பேருந்துப் பார்சலில் வரவழைத்தேன். தாங்கி திடமானது, ஆனால் அதன் சாய்வு மூட்டு ஒரே திருகில் மூன்று அச்சுகளையும் இறுக்கும் வகை. ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் தளர்ந்துவிடும். மூன்று அச்சுக்கும் தனித்தனித் திருகு உள்ள தாங்கி சற்று விலை கூடுதல். இனி யார் கேட்டாலும் அதையே வாங்கச் சொல்வேன். பரண் பலகை மெல்லியது என்பதால் ஆங்கர் போல்ட்டை நம்பாமல், முழுத் துளையிட்டு மேற்பக்கம் அகன்ற வாஷரும் நட்டும் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

இனிதான் முக்கியமான வேலை. கருவிக்குள் இருக்கும் சோதனைக் கட்டங்கள் எனக்குப் போதவில்லை. ஜிம்ப் மென்பொருளில் 1920க்கு 1080 அளவில், கடைசி ஓரத்தில் ஒரு பிக்சல் கனத்தில் வெள்ளைச் சட்டமும், 120 பிக்சலுக்கு ஒரு கோடுமாக ஒரு படம் வரைந்தேன். 120 என்ற எண் இரண்டு பக்கத்தையும் மிச்சமின்றி வகுப்பதால் 16க்கு 9 என்று சதுரங்கள் கிடைக்கின்றன. சுவரில் ஒவ்வொரு சதுரமும் 13.8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எங்கே பிசகினாலும் டேப்பை வைத்தவுடன் தெரிந்துவிடும். அளக்கும் முன் கருவியை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். சூடேறும்போது குவியமும் படத்தின் இடமும் நுண்ணளவில் நகரும். குளிர்ந்த நிலையில் எடுத்த அளவு ஒரு மணி நேரத்தில் பொய்யாகிவிடும்.

சுவரில் கிடைமட்டத்தைக் குறிக்க, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தைத்தான் எடுத்தேன். இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுள்ள கோட்டுக்கு, ஓர் அடி நீளமுள்ள ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதை விட, நீர் நிரம்பிய ஒரு குழாய் துல்லியமாகச் சொல்லும். செங்குத்துக்குத் தூக்குக்குண்டு. அந்தக் குண்டுதான் சுவரின் மேற்பகுதி எட்டு மில்லிமீட்டர் முன்னால் வந்திருப்பதைக் காட்டியது. படத்தின் உயரத்துக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைச் சாய்வு. ஆகவே கருவியின் மேல் ரசமட்டத்தை வைத்து நேராக்கினால் கருவி பூமிக்கு நேராக இருக்கும். சுவருக்கு நேராக இருக்காது. லென்ஸின் அச்சு சுவருக்குச் செங்குத்தாக வேண்டும், சுவர் எப்படி நின்றாலும் சரி. கருவியின் உடலில் வைக்கும் மட்டம் தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். தீர்ப்பைச் சுவரில் விழும் படம்தான் சொல்ல வேண்டும்.

பலரும் சொல்லும் வழி, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமமாக்கினால் போதும் என்பது. அது போதாது. கருவி மேலோ கீழோ மட்டும் சாய்ந்திருந்தால் கிடைக்கும் சரிவகம் இருபுறமும் சமச்சீரானது, அதன் மூலைவிட்டங்கள் எப்போதும் சமமாகவே இருக்கும். லென்ஸ் ஷிஃப்ட் நடுவில் இருக்கும்போது, இடமோ வலமோ மட்டும் திரும்பியிருந்தாலும் அப்படியே. ஆகவே முதலில் எதிரெதிர்ப் பக்கங்களைச் சமமாக்க வேண்டும். மேல் அகலமும் கீழ் அகலமும், இட உயரமும் வல உயரமும். அதன் பிறகுதான் மூலைவிட்டம் சொல்வதற்குப் பொருள் உண்டு.

எவ்வளவு சாய்வுக்கு எவ்வளவு பிசகு என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் உதவியது. படத்தின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்து, சாய்வைப் பாகையிலிருந்து ரேடியனாக மாற்றிப் பெருக்கினால், இரண்டு எதிர்ப்பக்கங்களுக்கு இடையிலான வேறுபாடு கிடைத்துவிடும். என் அறையில் ஒரு பாகைக்கு அது 1.3 சென்டிமீட்டர். மேல்கீழ்ச் சாய்வானாலும் பக்கவாட்டுத் திருப்பமானாலும் விடை ஒன்றே, ஏனெனில் அகலமும் உயரமும் இரண்டு கணக்கிலும் அதே போலப் பெருகுகின்றன. மூன்று மில்லிமீட்டர் வரை டேப்பில் படிக்க முடிந்தால் கால் பாகை வரை திருத்த முடியும் என்று பொருள். அதற்கு மேல் துல்லியம் தேடுவது சுவரின் பூச்சில் உள்ள மேடுபள்ளத்தோடு சண்டை போடுவதாகும்.

வரிசையும் முக்கியம். முதலில் படம் சுழன்றிருப்பதைச் சரிசெய்தேன், அது வடிவத்தைக் கெடுப்பதில்லை என்றாலும் மற்ற அளவுகளைக் குழப்பும். அடுத்துப் பக்கவாட்டுத் திருப்பம், கடைசியாக மேல்கீழ்ச் சாய்வு. தாங்கியின் திருகை இறுக்கும்போது கருவி எப்போதும் ஒரே பக்கமாகச் சற்று இழுபட்டது. அந்த இழுப்பை அளந்து, அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு முன்கூட்டியே விலக்கி வைத்து இறுக்கியபோதுதான் படம் செவ்வகமாக வந்து நின்றது. இவை எல்லாம் முடிந்த பிறகே லென்ஸ் ஷிஃப்ட் சக்கரங்களைத் தொட வேண்டும். தலைகீழாகத் தொங்குவதால் சக்கரத்தின் திசையும் தலைகீழாகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். படத்தைத் திருப்பும் சீலிங் அமைப்பு படத்தை மட்டுமே திருப்பும், சக்கரத்தை அன்று.

வடிவம் சரியான பிறகு, படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனை அணைத்தேன். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளின் ஓரக் குறைகளை மறைக்க வந்த ஏற்பாடு அது; டிஜிட்டல் பேனலில் அதற்கு வேலையே இல்லை. அதை அணைத்ததும் ஒரு பிக்சல் வெள்ளைச் சட்டம் நான்கு பக்கமும் முழுமையாகத் தெரிந்தது. பிறகு ஒரு வரி கருப்பு, ஒரு வரி வெள்ளை என்று மாறி மாறி வரும் சோதனைப் படத்தைப் போட்டேன். சுவர் முழுவதும் ஒரே சீரான சாம்பலாகத் தெரிந்தது, அருகில் போனால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நின்றது. அதே படத்தில் கீஸ்டோனை ஒரே ஒரு படி கூட்டிப் பார்த்தால் அலையலையாகப் பட்டைகள் தோன்றுகின்றன. கீஸ்டோனின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று அதுதான்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனியாக எழுத வேண்டிய பொருள். டைனமிக் முறையில் பச்சை மேலோங்கும், அதனால் சினிமா முறையில் வைத்திருக்கிறேன். மடிக்கணினி கருப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை 0 முதல் 255 வரை அனுப்பும்போது புரொஜெக்டர் 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால் நிழல்கள் கரிக்கட்டியாகும்; மறுபுறம் மாறினால் கருப்பு வெளிறும். எச்டிஎம்ஐ இணைப்பின் இந்த எண் எல்லையை இரண்டு முனையிலும் ஒன்றாக வைத்த பிறகே பிரைட்னஸைத் தொட வேண்டும். சோதனைப் படத்தில் 17, 18 அளவிலுள்ள பட்டைகள் மங்கலாகத் தெரிந்து, 16 பின்னணியில் கலந்துவிடும் இடத்தில் அதை நிறுத்தியிருக்கிறேன். காட்சிக்கேற்ப ஒளியின் வழியைத் திறந்து மூடும் தானியங்கி ஐரிஸை அணைத்துவிட்டேன். காட்சி மாறும்போது ஒளி மூச்சுவிடுவது போல ஏறி இறங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது மனம் முழுவதும் 2.39 விகிதத்துப் படங்களில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமுள்ள திரைப்படங்களில், இருக்கிறது. 16க்கு 9 பேனலில் அவை 1080 வரிகளில் ஏறத்தாழ 803 வரிகளையே பயன்படுத்துகின்றன. மேலும் கீழும் எஞ்சும் பட்டைகள் சாம்பலாக ஒளிர்கின்றன. உயரத்தை 124.5 சென்டிமீட்டராகவே வைத்து ஜூம் மூலம் அகலத்தை 298க்குக் கூட்டலாம் என்றால், வீச்சு விகிதம் 1.27க்கு இறங்கி லென்ஸின் எல்லையைத் தாண்டுகிறது. 285 அகலம், 119 உயரம் என்று வைத்தால் 1.32 வருகிறது, அது சாத்தியம். ஒளியும் போதும் என்றே நினைக்கிறேன். ஃபிலிம் ஓட்டும் திரையரங்குகளுக்கு எஸ்எம்பிடிஇ என்னும் திரைப்படப் பொறியாளர் சங்கம் வகுத்த 16 ஃபுட்-லாம்பர்ட் திரைப் பிரகாசத்தைக் கொண்டு, சுவரின் எதிரொளிப்பை 1 என்று கொண்டால், இப்போதைய படத்துக்கு 475 லூமென் ஒளி தேவை, மேல்கீழ்ப் பட்டைகளையும் சேர்த்துப் பெரிய படத்துக்குச் சுமார் 785.

சிக்கல் லென்ஸ் ஷிஃப்டில் இருக்கிறது. ஷிஃப்ட், பட்டைகளையும் சேர்த்த முழுப் படத்தின் உயரத்துக்கு விழுக்காடாக வேலை செய்வதால், ஜூமை மட்டும் கூட்டினால் படத்தின் நடு 18 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் 50 விழுக்காட்டிலிருந்து 39க்குச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மோட்டார் வைத்த லென்ஸ் நினைவகம் உயர்விலைக் கருவிகளில்தான் உண்டு. என் கருவியில் ஜூம் வளையத்திலும் ஷிஃப்ட் சக்கரத்திலும் வெள்ளைக் குறி வைத்துப் பழக வேண்டும். வெளியே வழியும் சாம்பல் பட்டைகளை விழுங்க, மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் கருப்பு வெல்வெட் தேடிக்கொண்டிருக்கிறேன். பளபளப்பு இல்லாத, மயிர் நீளமான ரகமே ஒளியை நன்றாக உண்ணும். இதுவரை காட்டிய துண்டுகள் எல்லாம் டார்ச் ஒளியில் மின்னின. அத்துணி கிடைக்கும் வரை நாடாவைப் பிரிக்கப் போவதில்லை, 3எல்சிடி பேனல்களின் சிவப்பு ஓரக்கசிவை மெனுவில் உள்ள பேனல் அலைன்மென்டில் திருத்தும் வேலையை இந்த இடைவெளியில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.