நியூ மீடியா ஆர்ட்ஸ் படிப்பு: போர்ட்ஃபோலியோல இருந்து ஃபைனல் ஷோ வரைக்கும்

டிஜிட்டல் மீடியா, நியூ மீடியா ஆர்ட்ஸ் படிச்சேன்னு சொன்னா அனிமேஷனா, வெப் டிசைனான்னுதான் முதல்ல கேப்பாங்க. ரெண்டும் இதுல கொஞ்சம் வரும், ஆனா படிப்போட மையம் அது இல்ல. கோடிங், சென்சார், வீடியோ, சவுண்ட் எல்லாத்தையும் வச்சு ஒரு படைப்பு செய்யணும், செஞ்சவங்க பக்கத்துல நின்னு விளக்காமலே அது பாக்குறவங்களுக்குப் போய்ச் சேரணும். அட்மிஷன்ல இருந்து கடைசி வரைக்கும் நான் கத்துக்கிட்டது திரும்பத் திரும்ப இந்த ஒண்ணைத்தான்.

அட்மிஷனுக்கு குடுக்கற போர்ட்ஃபோலியோல, அதாவது நம்ம வேலைகளோட தொகுப்புல, ஒரு சின்ன வீடியோ, சில போட்டோ, ஒரு சவுண்ட் பீஸ் வச்சிருந்தேன், கூடவே நோட்புக் பக்கங்களையும் ஸ்கேன் பண்ணி சேத்தேன். இன்டர்வியூல முக்கால்வாசிப் பேச்சு அந்த நோட்புக்கைப் பத்தித்தான். இத ஏன் விட்டுட்ட, இந்த ரெண்டுல இத ஏன் எடுத்தன்னு கேட்டாங்க. அதனால போர்ட்ஃபோலியோ ரெடி பண்றவங்க முடிஞ்ச வேலைய மட்டும் வைக்காதீங்க, அது எப்படி வளந்துச்சுன்னும் தெரியணும்.

முதல் வருஷம் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். கோடிங் தெரியாம வந்தவங்கதான் வகுப்புல அதிகம், பயப்பட ஒண்ணும் இல்ல. எங்களுக்கு ப்ராசெஸிங்ங்கற கோடிங் டூல்ல ஆரம்பிச்சாங்க. 2001ல கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் எம்ஐடி மீடியா லேப்ல ஆரம்பிச்சது, கலை பக்கத்துல இருந்து வர்றவங்களும் கத்துக்கணும்னே செஞ்சது. எனக்கு கண்ணு திறந்தது ரேண்டமுக்கும் நாய்ஸுக்கும் உள்ள வித்தியாசம் புரிஞ்ச அன்னிக்கு, ரெண்டுமே கோட்ல நம்மளுக்கு தாறுமாறா நம்பர் குடுக்கற வழிதான். ரேண்டம் வச்சு ஒரு கோடு போட்டா ரம்பப் பல்லு மாதிரி குதிக்கும், நாய்ஸ் வச்சா பக்கத்துப் பக்கத்து மதிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வர்றதால அதே கோடு மலைத்தொடரா ஓடும். கென் பெர்லின் 1980கள்ல கம்ப்யூட்டர் படங்கள் ரொம்ப மெஷின்தனமா இருக்குன்னு நெனச்சு கண்டுபிடிச்சதாம் அது.

ஹிஸ்டரி பேப்பர போரடிக்கும்னு நிறைய பேர் ஒதுக்குவாங்க, தயவுசெஞ்சு ஒதுக்காதீங்க. 1968லயே லண்டன்ல ஐசிஏங்கற கலை மையத்துல கம்ப்யூட்டரையும் கலையையும் சேத்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியிருக்காங்க, அதே வருஷம் பாரிஸ்ல வேரா மோல்னார்ங்கற கலைஞர் கம்ப்யூட்டர வச்சு வரைய ஆரம்பிச்சாங்க. ஸ்க்ரீன் கூட இல்லாம, பேனாவ நகத்தி பேப்பர்ல வரையற ப்ளாட்டர் மெஷின்ல கோடு வந்தப்புறம்தான் என்ன வந்திருக்குன்னே பாக்க முடியும்ங்கற காலம். அவங்க சதுரங்கள கொஞ்சம் கொஞ்சமா கலைச்சு வரைஞ்சத பாத்தா, பெரிய கிராபிக்ஸ் கார்டு இல்லையேன்னு சொல்றதுக்கு நமக்கு வாயே வராது.

அப்புறம் கிரிட்டிக், அதாவது ஒருத்தரோட வேலைய வகுப்பே சேந்து அலசறது. எங்க வகுப்புல செஞ்சவங்க முதல்ல வாயத் திறக்கக் கூடாது. மத்தவங்க என்ன பாத்தாங்க, என்ன தோணுச்சுன்னு சொல்லுவாங்க, கடைசியிலதான் நம்ம டர்ன். ஆரம்பத்துல கொடுமையா இருக்கும். ஆனா நம்ம மனசுல இருக்கறதுக்கும் அறையில இருக்கறதுக்கும் எவ்வளவு தூரம்னு இத விட நல்லா யாராலயும் காட்ட முடியாது.

ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு நான் செஞ்சது ஒரு இருட்டு அறை, நடுவுல ஒரு ஸ்பீக்கர், அதுல ஒரு குரல் பேசிட்டே இருக்கும். நல்லா கேக்கணும்னு கிட்ட போனா குரல் அடங்கும், விலகினாதான் கேக்கும். தூரத்த அளக்க அல்ட்ராசோனிக் சென்சார், அத படிக்க ஆர்டுயினோங்கற சின்ன சர்க்யூட் போர்டு. சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ்ல, நம்ம காதுக்கு கேக்காத ஒரு சத்தத்த அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாக்கும், ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், நேரத்தையும் வேகத்தையும் பெருக்கி, சத்தம் போய்த் திரும்பி வர்றதால ரெண்டால வகுத்தா தூரம். கேக்க சிம்பிள், ஆனா ஆளு போட்டிருக்கற துணி ஒலிய உறிஞ்சிடும், சாஞ்சு நின்னா எதிரொலி வேற பக்கம் போயிடும், 120 சென்டிமீட்டர் காட்டிட்டு இருந்தது திடீர்னு 380க்குத் தாவும். அதுக்கு அஞ்சு ரீடிங் எடுத்து, வரிசையா அடுக்கி நடு மதிப்ப மட்டும் வச்சுக்கணும், அப்புறம் பழைய மதிப்புல 90 சதவீதம், புதுசுல 10 சதவீதம் கலந்து மென்மையாக்கணும்.

அந்த 10 இருக்கே, அதுலதான் என் படைப்பே இருந்துச்சு. 40னு வச்சா குரல் சட்டுனு அடங்கி சுவிட்ச் போட்ட மாதிரி ஆயிடுது, 2னு வச்சா ஆளு வந்து போனப்புறம்தான் குரல் அடங்குது, அவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியல. நடுவுல ஒரு இடத்துல கூச்சப்படுற ஒரு ஆள் மாதிரி லேசா தயங்கி பின்வாங்குச்சு. அத கண்டுபிடிக்க ஆளுங்கள உள்ள விட்டு, ஓரமா நின்னு, எதுவும் சொல்லாம பாத்துட்டே இருந்தேன். சவுண்ட் குறைக்கறதையும் நேர்கோட்டுல குறைச்சா காதுக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் மாறாத மாதிரி இருந்து கடைசியில படக்குனு விழும், அதனால டெசிபல் கணக்குல குறைக்கணும், அலையோட வீச்சு பாதியானா 6 டெசிபல்னு.

ஷோ நேரத்துல கலைய விட பவர் கட்டுதான் பெரிய விஷயம். கரண்ட் போய் வந்தா யாரும் கீபோர்ட தொடாமலே எல்லாம் தானா ஸ்டார்ட் ஆகணும், ஸ்லீப் மோட் ஆஃப், நோட்டிஃபிகேஷன் ஆஃப், ஒயரெல்லாம் டேப் போட்டு ஒட்டணும், ஸ்பேர் சென்சார் கையில இருக்கணும். டாக்குமென்டேஷன் வீடியோவ ஆளுங்க உள்ள இருக்கும்போதே எடுங்க, காலி அறைய எடுத்தா இந்த மாதிரி வேலையில ஒண்ணும் தெரியாது.

முடிஞ்சப்புறம் ஆர்க்கைவ் பண்றதும் மார்க்குக்காக மட்டும் இல்ல. ப்ரவுசர்ல அனிமேஷன், கேம் எல்லாம் ஓட்டின ஃப்ளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31ஓட சப்போர்ட் நின்னதும் அதுல செஞ்ச எத்தனையோ படைப்பு ப்ரவுசர்ல அப்படியே ஓடாமப் போச்சு. வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக்கோட பழைய டிவி படைப்புகளுக்கு அந்த மாதிரி பிக்சர் ட்யூப் இப்ப செய்யறதில்லன்னு மியூசியங்களே திண்டாடுது. நான் ப்ரோக்ராம், சர்க்யூட் படம் ரெண்டையும் எடுத்து வச்சு, எந்த வெர்ஷன், ஸ்பீக்கர் எவ்வளவு உயரம், அந்த கலக்கற சதவீதத்த ஏன் அப்படி வச்சேன் எல்லாத்தையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன்.

காலேஜ் தேடிட்டு இருக்கறவங்க சிலபஸ்ல இருக்கற சாஃப்ட்வேர் பேர பாத்து முடிவு பண்ணாதீங்க. ஃபைனல் இயர் ஷோ நடக்கும்போது நேர்ல போங்க. ஒர்க்‌ஷாப் ராத்திரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், ப்ரொஜெக்டரும் கேமராவும் எத்தனை நாளைக்கு குடுப்பாங்க, டெக்னீஷியன் இருக்காங்களான்னு அங்க இருக்கற ஸ்டூடன்ட்ஸ்கிட்டயே கேளுங்க, அவங்க உள்ளத சொல்லிடுவாங்க.