குர்பான் காளை வளர்ப்பில் என் முதல் வருடம்: எடையில் ஏமாந்தேன், பெர்மிட்டுக்கு அலைந்தேன்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் தெபால் பக்கம் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மாடு உண்டு. தாத்தா தோட்டத்தில் பால் மாடு வைத்திருந்தார். அப்பா நாலைந்து பசுவோடு நிறுத்திக்கொண்டார். இறைச்சிக்காகக் காளை வாங்கி வளர்த்து விற்க இறங்கியது நான்தான். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. "நம்ம கொட்டகையில பிறந்த கன்னுக்குட்டியை மட்டும் லோரியில ஏத்தாதே" என்றார். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். விற்பதெல்லாம் வெளியில் வாங்கிய காளைகள்தான்.

ஏன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்க வேண்டும்? சந்தையில் இந்தியாவிலிருந்து வரும் உறைந்த எருமை இறைச்சி மலிவாகக் கிடைக்கிறது. அதோடு சாதாரண நாளில் போட்டி போட்டால் சிறு பண்ணைக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சாது. குர்பானுக்கு, அதாவது அந்தப் பெருநாளில் முஸ்லிம்கள் கொடுக்கும் பலிக்கு, உயிருள்ள, குறையில்லாத மாடு வேண்டும். அங்கேதான் நமக்கு விலை. 2024-இல் பெருநாள் ஜூன் 17. ஆறு மாதம் வளர்க்கலாம் என்று 2023 டிசம்பர் தொடக்கத்தில் கெடா மாநிலத்துக் கூலிம் பக்கம் ஆறு காளை பேசி முடித்தேன். கெடா–கிளந்தான் இனமும் பிரம்மனும் கலந்தவை. ஆறும் சேர்த்து 20,400 வெள்ளி (ரிங்கிட்), தலைக்கு 3,400.

முதல் அடி அங்கேயே விழுந்தது. புரோக்கர், "தம்பி, ஒவ்வொண்ணும் 240 கிலோ, கண்ணை மூடிக்கிட்டு ஏத்துங்க" என்றார். கூட வந்த மாமா சுழி பார்த்தார், பல் பார்த்தார், திமிலைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். எடையை மட்டும் இரண்டு பேரும் பார்க்கவில்லை. அங்கே தராசும் இல்லை.

மாடு வீடு வந்து சேர்ந்த இரண்டாம் நாள், கால்நடை வைத்தியம் படித்த நண்பர் ஒருவர் தையல் நாடாவோடு வந்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை இன்னோர் அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். பத்து கிலோ முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் ஏமாற மாட்டோம். நடுத்தரமான ஒரு காளைக்கு நெஞ்சு 135, நீளம் 122. போட்டுப் பாருங்கள், 205 வரும். புரோக்கர் சொன்னதற்கும் இதற்கும் 35 கிலோ வித்தியாசம். கிலோ 14 வெள்ளி என்று நினைத்து வாங்கினேன், உண்மையில் 16 வெள்ளி 60 காசுக்கு வாங்கியிருக்கிறேன். ஆறு காளைக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 3,000 வெள்ளி வாங்கிய அன்றே போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தக் காளைகள் வீடு வந்து சேர்ந்தது தனிக் கதை. கெடாவிலிருந்து பினாங்குக்குள் மாடு கொண்டுவர நகர்வு பெர்மிட் வேண்டும். கோமாரி நோய் தீபகற்பத்தில் விட்டபாடில்லை. 2021-இல் தோல் கழலை நோய் வேறு வந்து எல்லாரையும் ஆட்டிவைத்தது. அதனால் இந்தக் கெடுபிடி நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. என் ஆத்திரமெல்லாம் பெர்மிட் கொடுக்கும் கால்நடை இலாகாவின் கவுண்டரில் இருந்தவர் மேல். முன்கூட்டியே போனில் கேட்டபோது, "ஐசி (அடையாள அட்டை) நகல், காது டேக் நம்பர், தடுப்பூசி அட்டை, அவ்வளவுதான்" என்றார். மறுநாள் விற்றவரோடு போய் நிற்கிறேன், லோரி வெளியே காத்திருக்கிறது. அதே ஆள் நிதானமாகக் கேட்கிறார்: "மாடு போய்ச் சேரும் பண்ணையின் பதிவு எண் எங்கே?"

என்னிடம் இல்லை. கொட்டகை நிற்கும் நிலம் இன்னொரு மாமா பேரில் இருக்கிறது. அப்பா காலத்தில் யாரும் எதையும் பதியவில்லை. பதிய வேண்டுமென்றால் நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும். அந்த மாமாவோ ஜொகூரில் மகள் வீட்டில். நேற்று போனில் இதைச் சொல்லியிருந்தால் லோரியே பிடித்திருக்க மாட்டேனே என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

லோரிக்காரருக்கு வெறுமனே வந்து போனதற்கு 200 வெள்ளி. மாமாவின் கடிதம் வந்து, கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போய், எண் கிடைக்க ஒன்பது நாள். அதுவரை காளைகள் விற்றவர் இடத்தில். தலைக்கு நாளொன்றுக்குப் பத்து வெள்ளி தீவனக்காசு என்று 540 வெள்ளி வாங்கிக்கொண்டார். எண் கையில் கிடைத்தபின் பெர்மிட் அரைமணியில் முடிந்தது.

ஆகவே புதிதாக இறங்குகிறவர்கள் மாடு பார்க்கப் போகும் முன்னாலேயே கொட்டகையைப் பதிந்துவிடுங்கள். போனில் யார் என்ன சொன்னாலும், ஒருமுறை நேரில் போய்ப் பட்டியலை உங்கள் கையால் எழுதிக்கொண்டு வாருங்கள். இன்னொன்று, பெட்டை மாடு மலிவாக வருகிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஈனும் வயதுப் பசுவை அனுமதியில்லாமல் அறுக்க இங்கே சட்டம் விடாது. வாங்கிவிட்டு விற்கத் தெரியாமல் நிற்பீர்கள்.

வளர்ப்பு பெரிய சிக்கல் இல்லாமல் ஓடியது. காளைக்கு நாளைக்கு இருபது கிலோ நேப்பியர் புல், மூன்று கிலோ செம்பனை விதைப் புண்ணாக்கு. முதல் வாரம் புண்ணாக்கை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. கரும்புப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, அரைக்கிலோவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினேன். இந்தப் புண்ணாக்கில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் கூடுதல். அதனால் தீவனத்துக்கான சுண்ணாம்புத் தூள் ஒரு கைப்பிடி சேர்க்கச் சொன்னார் நண்பர். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், பூசணம் பிடித்துவிடும். ஆடு வைத்திருப்பவர்கள் செம்மறிக்கு இதை அள்ளிப் போட்டுவிட வேண்டாம், இதிலுள்ள செம்பு செம்மறிக்கு ஆகாது. சுமார் 190 நாளில் ஒவ்வொன்றும் 85 கிலோ போல ஏறியது, அதாவது நாளுக்கு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாடாவில் 290 பார்த்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10-இல் முடிந்த கையோடு, பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு சூராவ் (சிறு பள்ளிவாசல்) நிர்வாகத்தினர் வந்து ஆறையும் பேசி முன்பணம் கொடுத்தார்கள். தலைக்கு 5,200. எல்லாம் முடிந்தது என்று இருந்தேன்.

பெருநாளுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, ஒரு செவலைக் காளையின் காது டேக் வேலியில் நீட்டியிருந்த ஆணியில் மாட்டிக்கொண்டது. மிரண்டு இழுத்ததில் காது நுனியில் இரண்டு விரல் அகலம் பிய்ந்து போனது. மருந்து போட்டேன், ஆறிவிட்டது. பெரிதாக நினைக்கவில்லை. கடைசிப் பார்வைக்கு வந்த சூராவ் பெரியவர் பல் பார்த்தார், இரண்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக. கண் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். செவலையிடம் வந்ததும் காதைத் தொட்டு நின்றுவிட்டார். "இது ஆகாது தம்பி. காதில் சதை போயிருந்தால் குர்பான் கூடாது" என்றார். துளை இருப்பது வேறு, சதை இழப்பது வேறு என்று பொறுமையாக விளக்கினார். கோபப்படவே இல்லை, முன்பணத்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பிக் கேட்டார். நல்ல மனிதர்.

செவலை பிறகு இறைச்சிக் கடைக்காரர் ஒருவருக்கு 4,000 வெள்ளிக்குப் போனது. ஓர் ஆணியால் 1,200 வெள்ளி. கொட்டகை முழுவதும் கையால் தடவிப் பார்த்து ஆணி, கம்பி எல்லாவற்றையும் அடித்து மடக்கிவிடுங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். வரவு 30,000. செலவில் காளைக்கு 20,400, புண்ணாக்குக்கு 2,900, கரும்புப்பாகு, தாது உப்பு, சுண்ணாம்பு 350, லோரி எல்லா நடையும் சேர்த்து 1,200, அந்த ஒன்பது நாள் தீவனக்காசு 540, தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் 210, வேலி 650. மொத்தம் 26,250. மிச்சம் 3,750. தினம் 120 கிலோ புல் அறுத்த என் கைக்கு நாளுக்கு 20 வெள்ளிகூட இல்லை. எடையில் போன 3,000, வீண் லோரி 200, காத்திருப்பு 540, காது 1,200, இதைக் கூட்டினால் 4,940. கிடைத்த லாபத்தைவிடத் தவறவிட்டது அதிகம்.

2025-இல் பெருநாள் ஜூன் 7-க்கு வந்துவிட்டது. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் வாங்கும் தேதியும் அதோடு நகர வேண்டும். இந்தமுறை நவம்பர் கடைசியிலேயே கூலிம் போனேன். அதே புரோக்கர், அதே 240 கிலோ. பையிலிருந்து நாடாவை எடுத்து அவர் கண்முன்னாலேயே அளந்தேன். 210, 204, 212. "அண்ணே, கிலோவுக்கு விலை சொல்லுங்க, தலைக்கு வேண்டாம்" என்றேன். வெகுநேரம் பேசினார். நான் லோரியைக் கூப்பிடவே இல்லை. கடைசியில் 3,050-க்கு இறங்கினார். பெர்மிட் ஒரே நடையில் கிடைத்தது, தாள்கள் எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன. ஆறு காளையும் காது முழுசாக 5,300-க்குப் போயின. செலவு போக 7,600 வெள்ளி நின்றது. அதில் பாதியை அடுத்த ஆறுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். 2026-இல் பெருநாள் மே மாதக் கடைசிக்கு நகர்வதால், 2025 நவம்பர் பாதியிலேயே கூலிம் போக முடிவு செய்தேன்.