செந்தூல் அடுக்குமாடி வீட்டில் ஹீட் பம்ப் பொருத்திய ஏழு வாரங்கள்

வெந்நீருக்காக ஒரு ஹீட் பம்ப் (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கடத்தும் கருவி) பொருத்த எங்களுக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. உண்மையான வேலை ஒன்றரை நாள்தான். மற்ற நாள்கள் எல்லாம் அனுமதிக் கடிதத்திற்காக அலைவதிலும், மின் இணைப்பைத் திருத்துவதிலும், தவறாக நிறுத்திய கருவியைத் திருப்பி வைப்பதிலும் கரைந்தன.

மூட்டுவலியால் அவதிப்படும் என் மாமியாருக்குக் காலையிலும் இரவிலும் வெந்நீர் வேண்டும். குளியலறைகளில் இருந்த பழைய ஹீட்டர்கள் இரண்டும் பழுதாகிவிட்டதால் மாற்று தேடினோம். முதலில் சென்ற கடையில், அறையைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் ஏர்கோன் ஒன்றைக் கூடுதல் விலைக்கு எங்களிடம் விற்கப் பார்த்தார்கள். எல்லா ஏர்கோனும் அடிப்படையில் ஹீட் பம்ப்தான். வீட்டு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. குளிர் நாடுகளில் அதையே திசைமாற்றி வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறார்கள். இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் கோலாலம்பூரில் அந்த வசதிக்குத் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். ஆனால் காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கிவிட்டு, குளிர்ந்த காற்றை வெளிவிடும் ஹீட் பம்புக்கு நம் வெப்பக் காற்று மிகவும் ஏற்றது. நாங்கள் 200 லிட்டர் தொட்டியும் கம்ப்ரசரும் ஒன்றாகவே அமைந்த கருவியைத் தேர்ந்தெடுத்தோம்.

அதன்பிறகுதான் நிர்வாக அலுவலகத்தின் படிகளை ஏறத் தொடங்கினேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, புதுப்பிப்பு வேலைக்கு நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சென்றபோது, வார நாள்களில்தான் விண்ணப்பம் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போனேன். முகப்பில் இருந்த தம்பி பாரத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க பட்டியல்ல இல்லைக்கா, ஏர்கோன் வெளிப்பெட்டி மாதிரிதான் எடுத்துக்குவோம், அதுக்குன்னு இருக்கிற திட்டுலதான் வைக்கணும்" என்றார். நீர் நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 200 கிலோவாகும் தொட்டியை வெளிச்சுவரின் சிறு திட்டில் எப்படி வைப்பது? வெளிப்பெட்டியே இதில் கிடையாது என்று எவ்வளவோ விளக்கினேன், அவர் கேட்கவில்லை. மூன்றாவது முறை போனபோது, வயர்மேனின் சான்றிதழ் நகல் இல்லை என்றார். அதை முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியில் வேலை செய்தது ஒரு பக்கக் கடிதம்தான். கருவி சமையலறைக்குப் பின்னுள்ள துணி துவைக்கும் இடத்தில், கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கும் என்பதையும், கசியும் நீர் அங்குள்ள வடிகாலிலேயே இறங்கும் என்பதையும், வெளிச்சுவரில் ஒரு துளைகூடப் போடப்படாது என்பதையும் வரைபடத்தோடு எழுதி, தளம் தாங்கும் எடை பற்றிப் பொறியாளர் தந்த குறிப்பையும் இணைத்து, நிர்வாகக் குழுவுக்கே நேரடியாகக் கொடுத்தேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தருமாறும் கேட்டிருந்தேன். பத்து நாளில் அனுமதி வந்தது. எதைக் கொடுத்தாலும் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாததால்தான் என் முதல் விண்ணப்பம் வந்து சேரவே இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

பொருத்த வந்தவர்கள் சலவை இயந்திரத்தின் பிளக்கிலேயே இதையும் இணைத்துவிடலாம் என்றபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தேன். வீட்டின் மின்பெட்டியில் இருந்தது, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 100 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் மட்டுமே என்றும், ஈரத் தரையில் நின்று பயன்படுத்தும் சாதனத்திற்கு 10 மில்லி ஆம்பியர் வேண்டும் என்றும் அவர் காட்டினார். தனி இணைப்பும் புதிய துண்டிப்பானும் போட எதிர்பாராத செலவும் நான்கு நாள் தாமதமும் ஆயின. வயதானவர் குளிக்கும் நீர் விஷயத்தில் அந்தச் செலவைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தமில்லை.

முதல் இரவு, ஐந்து மணி நேரம் ஓடியும் நீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. கருவியில் குறை என்று அஞ்சினோம். காரணம் வேறு: காற்று வெளியேறும் பக்கத்தைச் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளிவந்த குளிர்காற்றையே கருவி மீண்டும் உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. தொட்டியை வடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்ததும் மூன்று மணி நேரத்தில் 55 டிகிரியை எட்டியது. 28 டிகிரியில் இருக்கும் 200 லிட்டர் நீரை அந்த அளவுக்குச் சூடாக்க ஏறத்தாழ 6.3 யூனிட் வெப்பம் தேவை. எங்கள் மீட்டரில் 2 யூனிட்டுக்குள்தான் ஓடியது. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் மனம் ஆறியது. கருவி வாங்குவதற்கு முன்பே காற்று எப்பக்கம் நுழைந்து எப்பக்கம் வெளியேறும் என்று கேட்டு, உங்கள் இடத்தை நாடாவால் அளந்துவிடுங்கள். கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை நீரை 60 டிகிரிக்கு ஏற்றும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியார் இப்போது விடியற்காலையிலேயே குளித்துவிடுகிறார். துவைக்கும் இடமும் குளிர்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தருவதாக நிர்வாகம் சொன்ன 500 ரிங்கிட் வைப்புத்தொகை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கான கடிதத்தை நேற்றுக் கொடுத்து, முத்திரையும் வாங்கி வந்தேன்.